ஜனவரியில் ஜுப்பா: கூடாரம், குளிர், பாறைச் செதுக்கல்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ரியாத்வாசி:

வணக்கம் நண்பர்களே. ரியாத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் பெரிய லீவு என்றால் ஊர், சின்ன லீவு என்றால் தம்மாம் கடற்கரை, அவ்வளவுதான். இந்த ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் சவுதியின் வடக்கே இருக்கிற ஹாயில் நகரத்துக்கு வடமேற்கே, ஜுப்பா என்ற ஊருக்குப் போய், பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, உம் சின்மான் மலையில் இருக்கும் பழைய செதுக்கல்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடம் என்பதும், ஷுவைமிஸ் என்ற இன்னொரு இடமும் அதே பட்டியலில் சேர்ந்தது என்பதும் தெரியும். அதற்கு மேல் அதிகம் தெரியாது.

திட்டம் இதுதான். வியாழன் டியூட்டி முடிந்து கிளம்பி நடுஇரவுக்கு மேல் ஹாயில் (650 கிலோமீட்டர் போல வருகிறது), வெள்ளிக்கிழமை ஜுப்பா, அன்று இரவு மணலில் கூடாரம், சனிக்கிழமை விடிந்ததும் ஷுவைமிஸ், அங்கிருந்து அப்படியே ரியாத். வாடகைக்கு ஒரு ஃபோர்வீல் வண்டி பேசியிருக்கிறோம். மணலில் ஓட்டிய அனுபவம் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

கேள்விகள்: இந்தத் திட்டம் நடக்குமா? இரவுக் குளிர் எவ்வளவு மோசம்? கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? அப்புறம் முக்கியமானது, போன வருடம் போய் வந்த ஒருவர் "அங்கே ஒன்றும் தெரியாது, வெறும் பாறை" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியுமா?

மணல்காடன்:

தம்பி, முதலில் ஷுவைமிஸை விட்டுவிடுங்கள். ஜுப்பா ஹாயிலுக்கு வடமேற்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், ஷுவைமிஸ் ஹாயிலுக்குத் தெற்கே 250 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே வார இறுதியில் போட்டால் நீங்கள் பார்க்கப் போவது தார் ரோடு மட்டும்தான், அதுவும் தூங்கி வழிந்துகொண்டு. ஐந்து பேர் உயிர் ஒரு ஸ்டியரிங்கில் இருக்கிறது. முடிந்தால் பிப்ரவரி 22 ஸ்தாபன தின லீவையும் வார இறுதியையும் சேர்த்து ஷுவைமிஸுக்குத் தனியாக இன்னொரு பயணம் வையுங்கள். அங்கே போவதற்கு முன்பே உள்ளே விட ஏற்பாடு செய்துகொண்டுதான் போக வேண்டும், சும்மா போய் நின்றால் பூட்டிய வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

நான் ஜுப்பாவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், எல்லாமே குளிர்காலத்தில். "வெறும் பாறை" என்று சொன்னவர் போன நேரம் தப்பு, அவ்வளவுதான். அங்கே இருப்பது சாயத்தில் வரைந்த ஓவியம் இல்லை, மணற்பாறையில் கொத்தியது. பாறையின் மேல் தோல் கருப்பாக, கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். இரும்பும் மாங்கனீசும் களிமண் தூசியும் ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்து வந்த மெல்லிய பூச்சு அது. அதைக் கொத்தி எடுத்தால் உள்ளே இருக்கிற வெளிர் நிறம் தெரியும். ஆனால் கொத்திய இடத்திலும் காலப்போக்கில் அதே கருப்பு ஏறிக்கொண்டே வரும். அதனால் மிகப் பழைய உருவங்கள் பாறையோடு பாறையாகக் கறுத்துப் போயிருக்கும், பிற்காலத்து ஒட்டகங்களும் தமூதிய எழுத்துகளும் (அரேபியாவின் பழங்கால எழுத்து) வெளிறித் தெரியும். சும்மா பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஒட்டகம் மட்டும் தெரியும். அதற்கு அடியில் நிற்கிற காட்டு மாட்டைப் பார்க்க ஒரே பாறை முன்னால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். வெயில் நேராக முகத்தில் அடிக்கிற பாறையில் எல்லாம் தட்டையாகிவிடும். வெயில் பாறையை விட்டு விலகப் போகிற நேரத்தில், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு விழும்போது, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு துளி நிழல் வரும். அப்போது பார்க்க வேண்டும். கிழக்கு பார்த்த பாறைக்கும் தெற்கு பார்த்த பாறைக்கும் அந்த நேரம் ஒன்றாக இருக்காது. அதனால் காலையில் ஒரு சுற்று, மதியத்துக்கு மேல் அதே பாறைகளுக்கு இன்னொரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் வேலி போட்டிருக்கிறார்கள், ஆள் இருப்பார், உள்ளே படிக்கட்டும் நடைபாதையும் உண்டு. திறக்கிற நேரத்தை ஊரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகை நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என்னோடு இரண்டாவது முறை வந்த ஒருவர், படம் போட்டோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று பாட்டில் தண்ணீரைப் பாறை மேல் ஊற்றினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், அதற்குள் பாதி ஊற்றியாயிற்று. அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. தண்ணீர், சாக்பீஸ், விரலால் தடவுவது, செதுக்கலின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பது எதுவுமே வேண்டாம். மணற்பாறை உதிரும், கை எண்ணெய் அந்தக் கரும்பூச்சில் தங்கும். சட்டப்படி சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இத்தனை ஆயிரம் வருடம் வெயிலும் காற்றும் விட்டு வைத்ததை நாம் ஒரு போட்டோவுக்காகக் கெடுக்கக் கூடாது.

ஹாயில் நர்ஸ் அக்கா:

கரி அடுப்பு என்று படித்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வேண்டாம். கூடாரத்துக்குள் கரியோ விறகோ கேஸ் ஹீட்டரோ எதையும் வைக்காதீர்கள், கதவுத் துணியைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம் என்றாலும் வேண்டாம். ஒன்பது வருடமாக இந்த ஊரில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதற்காகவே ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். புகை அடங்கி, கரி சிவந்து கணகணவென்று இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. லேசாகத் தலைவலிக்கும், தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேரை அதிகாலையில் கொண்டு வந்தார்கள், ஒருவனைத்தான் காப்பாற்ற முடிந்தது. அவன் அம்மாவிடம் போனில் நான்தான் பேசினேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

தணலை வெளியே வைத்துச் சுற்றி உட்காருங்கள், தூங்கப் போகும்போது அணைத்து மண் போட்டு மூடிவிடுங்கள்.

குளிரைப் பற்றி: ஹாயில் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம். ஜனவரி இரவில் நாலைந்து டிகிரி என்பது சாதாரணம், சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பகலில் வெயில் இதமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் மணல் சில்லிட்டுவிடும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் குளிர் கீழே இருந்துதான் ஏறும், அதனால் தரைக்கும் முதுகுக்கும் நடுவில் கெட்டியான ஃபோம் போடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலும் நல்லது. இங்கே எல்லாக் கடையிலும் ஃபர்வா கிடைக்கும், உள்ளே கம்பளி வைத்த நீள அங்கி, ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். படுக்கும்போது காலுறையை மாற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள், பகலில் வேர்த்த காலுறை இரவில் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். சர்க்கரை, ஆஸ்துமா யாருக்காவது இருந்தால் மருந்தை வண்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சுலின் உறையக் கூடாது, படுக்கையில் உடம்போடு வைத்துக்கொள்ளலாம்.

காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். குளிரில் தேள், பாம்பு நடமாட்டம் குறைவுதான். ஆனால் விறகுக் கட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும்.

ரியாத்வாசி:

அக்கா, படித்ததும் ஐந்து பேருக்கும் அப்படியே அனுப்பிவிட்டேன். கரி அடுப்பு யோசனை போயிற்று. மிக்க நன்றி.

மணல்காடன் அண்ணா, ஷுவைமிஸையும் விட்டாயிற்று. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஜுப்பா மட்டும். சனி மதியம் கிளம்பிவிடுவோம். கூடாரம் எங்கே போடலாம், ஒரு வண்டி போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மணல்காடன்:

ஒரு வண்டி என்றால் தார் ரோடு கண்ணில் தெரிகிற தூரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு வண்டி இருந்தால்தான் மணலுக்குள் இறங்கலாம், ஒன்று புதைந்தால் இன்னொன்று இழுக்க வேண்டும். ஜுப்பாவைச் சுற்றியிருக்கிற நஃபூத் பாலைவனத்து மணல் சிவப்பாக, மாவு மாதிரி இருக்கும். டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால்தான் மிதக்கும், திரும்ப ஏற்ற கையோடு கம்ப்ரஸர் வேண்டும், மண்வெட்டியும் இழுவைப் பட்டையும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மணலில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் புது மணல்மேட்டில் ஏறாதீர்கள். ஐந்தரை மணிக்கு மேல் சூரியன் போய்விடும், இருட்டில் புதைந்த வண்டியைத் தோண்டுவது பெரும்பாடு.

இடம் பார்க்கும்போது வாதி என்கிற வறண்ட ஓடையின் நடுவில் தரை சமமாக, அழகாக இருக்கும். அங்கே மட்டும் போடாதீர்கள். குளிர்காலத்தில்தான் இங்கே மழை, எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். வேலியோ ஒட்டகத் தொட்டியோ கண்ணில் பட்டால் அது யாருடையதோ இடம் என்று அர்த்தம், போய் ஒரு சலாம் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்ட ஒவ்வொரு முறையும் காப்பியும் பேரீச்சையும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தயாளத்துக்குப் பேர்போன ஹாத்திம் தாயி பிறந்த மண் இது, ஹாயில்காரர்கள் அந்தப் பெயரை இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. அரச இயற்கைக் காப்பகங்களின் எல்லைக்குள் தங்க வேண்டுமானால் அனுமதி வேண்டும், வரைபடத்தில் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகு கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே நிற்கிற கதா புதரை ஒடிக்காதீர்கள், காய்ந்திருக்கிறதே என்று தோன்றும், குளிர்காலத்தில் அது அப்படித்தான் இருக்கும். மரம் வெட்டினால் பெரிய அபராதம். தரையில் நேராக நெருப்பு மூட்டாமல் தகரத் தட்டில் மூட்டி, சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

விழுப்புரத்தான்:

நான் சவுதியில் இருந்தவன் இல்லை. ஊரில் கீழ்வாலை, பெருமுக்கல் என்று பாறை பாறையாகச் சுற்றுகிறவன். பத்து வருடத்துக்கு முன்னால் வேலை விஷயமாக ஹாயில் வந்தபோது ஒரு நாள் முழுக்க ஜுப்பாவில் இருக்கக் கிடைத்தது. அந்த ஒரு நாளை இன்னும் மறக்கவில்லை.

கீழ்வாலையில் இருப்பது செங்காவியில் வரைந்தது. பெருமுக்கலில் இருப்பது பாறையில் கீறியது. ஜுப்பாவும் சாயம் இல்லாமல் பாறையிலேயே செதுக்கியதுதான், ஆனால் அளவு வேறு. அங்கே முன்பு ஒரு ஏரி இருந்தது. மேற்கிலிருந்து வருகிற காற்றை உம் சின்மான் தடுத்து நிறுத்துகிறது, அதனால் மலையின் கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தை மணல் மூடவில்லை. சுற்றிலும் மணல்மேடு, நடுவில் மட்டும் திறந்த நிலம். பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் மழை அதிகம் பெய்த காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கி, புல் முளைத்து, மாடும் காட்டுக் கழுதையும் வரையாடும் வந்திருக்கின்றன, அவற்றின் பின்னால் சிங்கமும் மனிதனும். பாறையில் இருப்பது அந்த வரிசைதான். அடியில் இருக்கிற பழைய படங்களில் வேட்டை, அப்புறம் நீளக் கொம்பு மாடுகள், மழை குறைந்து ஏரி வற்றிய பிறகு மேலே மேலே ஒட்டகம். தண்ணீர் போன கதையைப் பாறையில் படிக்கலாம். ஊர் இன்னும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது, பேரீச்சந் தோப்புகளோடு. 1879ல் லேடி ஆன் பிளண்ட் என்ற ஆங்கிலேயப் பயணி நஃபூத்தைக் குதிரையில் தாண்டி ஹாயில் போகும்போது தங்கியதும் அதே ஜுப்பாதான்.

நாய்களைத் தேடுங்கள். 2017ல் வெளியான ஆய்வில் ஜுப்பாவிலும் ஷுவைமிஸிலும் பாறையில் செதுக்கியிருக்கும் வேட்டை நாய்களை எண்ணினார்கள், இரண்டு இடத்திலும் சேர்த்து முந்நூறுக்கும் மேல். விறைத்த காது, சுருண்ட வால், சிலவற்றின் கழுத்திலிருந்து ஒரு கோடு வேடனின் இடுப்புக்குப் போகும். கயிறு! எட்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கலாம் என்கிறார்கள். நாயைக் கயிற்றில் கட்டியதைக் காட்டும் மிகப் பழைய படங்கள் இவைதான் என்பது அவர்கள் கருத்து. அந்தக் கோட்டை நேரில் பார்த்தபோது என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன், தொடவில்லை.

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். கருப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, எதன் மேல் எது கொத்தியிருக்கிறது, எந்த விலங்கு எந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தது, இதையெல்லாம் சேர்த்துத்தான். நஃபூத்தின் தெற்கு ஓரத்தில் ஜபல் அர்னான், ஜபல் மிஸ்மா பக்கம், உயிருள்ள ஒட்டகத்தின் அளவிலேயே ஒட்டகங்கள் கொத்திய பாறைகளைப் பற்றி 2025ல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே பாறைக்கு நேர் கீழே மண்ணைத் தோண்டியபோது கொத்தப் பயன்படுத்திய கல்லே கிடைத்தது, மண் அடுக்கின் காலத்தை வைத்து 12,000 வருடம் போல என்று கணக்கிட்டார்கள். இது நீங்கள் போகிற இடம் இல்லை, ஆனால் அதே பாலைவனம்.

ஒரு பைனாகுலர் கொண்டு போங்கள். நல்ல படங்கள் பல, ஏற முடியாத உயரத்தில் இருக்கின்றன.

ரியாத்வாசி:

போய் வந்துவிட்டோம். சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டியாகப் போனோம், பக்கத்து கம்பெனியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். தார் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் கூடாரம். இரவு வண்டியின் தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டியது. தணலைச் சுற்றிப் பத்தரை வரை உட்கார்ந்திருந்தோம், குப்பூஸும் சுட்ட கோழியும், அப்புறம் சுலைமானி டீ, பிறகு அணைத்து மண் போட்டு மூடினோம். அட்டைப்பெட்டி யோசனைக்கு அக்காவுக்குத் தனியாக நன்றி, அது போட்டுப் படுத்தவர்கள்தான் தூங்கினார்கள். நிலவு இல்லாத இரவு, நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு யாருமே ரொம்ப நேரம் பேசவில்லை.

காலையில் முதல் சுற்றில் எங்களுக்கும் ஒட்டகம் மட்டும்தான் தெரிந்தது. ஆர்வம் குறைந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர், இங்கே டைல்ஸ் வேலை செய்கிறார், அவருடைய தாத்தா ஊர் ஊராகப் போய் அம்மி கொத்தியவர். மதியம் இரண்டாவது சுற்றில் வெயில் சாய்ந்தபோது அவர் ஒரு மாட்டு உருவத்தின் முன்னால் நின்றுவிட்டார், கூப்பிட்டாலும் வரவில்லை. பக்கத்தில் போனால், "இது கீறல் இல்லை, கொத்து, அம்மி கொத்துகிற மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கிறது பாருங்கள்" என்றார். கொம்பில் புள்ளிகள் நெருக்கமாக, வயிற்றில் பரவலாக, முதுகுக் கோட்டில் ஆழமாக. உளி வைத்து அடித்திருந்தால் குழி எல்லாம் ஒரே அளவில் விழும், இது கல்லைக் கையில் பிடித்து நேராகப் போட்டது, அதனால்தான் குழிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன, முதுகுக்கு வரும்போது கை களைத்திருக்கவில்லை, வயிற்றில் களைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் ஏழு பேரும் அவர் காட்டக் காட்டப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாறையிலும் அடியில் இருந்த மாடுகள் தெரிய ஆரம்பித்தன.

நாயையும் பார்த்தோம். கயிறு இருக்கிற நாய் எது என்று எங்களுக்குள் தகராறு, கடைசியில் வாயிலில் இருந்த பெரியவர் வந்து கையை நீட்டாமல், தூரத்திலிருந்தே கைத்தடி நிழலால் அந்தக் கோட்டைக் காட்டினார்.

சனி மதியம் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியது, நாலரை ஆயிற்று. புதுக்கோட்டைக்காரர் ஷுவைமிஸுக்கு எப்போது என்று புரைதாவில் டீ குடிக்க நிறுத்தியபோதே கேட்டுவிட்டார். மணல்காடன் அண்ணா, பிப்ரவரி 22க்கு முன்னால் அங்கே யாரிடம் பேச வேண்டும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், எட்டுப் பேரும் வருகிறோம்.